வாசிகசாலையின் மூன்று படிகள்

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஊராருக்கு ஒரு திறந்த மடல்



ஆடி, ஆவணி மாதங்களில் ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனால் யாழ்ப்பாணக் கிராமங்கள் மரத்தடிக்கு ஒன்றாகக் கூடியிருக்கும். ஒரு கொட்டிலில் ஊர்ச் சங்கத்தின் பதாகை, அடுத்ததில் பழைய மாணவர் சங்கத்தினது. கொத்துரொட்டித் தகட்டின் சத்தம், தேசிக்காய் கரண்டி ஓட்டம், சங்கீதக் கதிரை, பொழுதுபடும் நேரத்தில் கயிறிழுத்தல். இந்த ஒன்றுகூடல்களுக்குப் பாரிசவாதம் வந்த அப்புமாரும், முழங்கால் தேய்ந்த ஆச்சிமாரும், ஷெல்லடியில் கால் போனவர்களும் வருகிறார்கள். வாகனத் தரிப்பிடத்திலிருந்து கொட்டில்வரை தார்ப்பாதை இருக்கிறது. சில மேசைகளின் ஒரு நுனி மட்டும் வாங்கு இல்லாமல் நீண்டு நிற்கும். சக்கர நாற்காலி அதற்குள் நுழைந்துவிடும். சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தரப்பட வேண்டியதில்லை. மலசலகூடத்துக் கதவு அகலமானது, உள்ளே பிடிகம்பி உண்டு. பேரப்பிள்ளைகளின் ஓட்டப்போட்டிக்கு நடுவராக ஓர் அப்பு நாற்காலியில் இருந்தபடியே விசில் ஊதிக்கொண்டிருப்பார். யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை.

“அங்கே காசிருக்கு, செய்யினம்” என்று ஊரில் சொல்வார்கள். காசு இருப்பது உண்மைதான். ஆனால் காசு இருந்த காலமெல்லாம் இங்கும் இது செய்யப்படவில்லை. சட்டம் வந்த பிறகே வேகம் பிடித்தது. 2025க்குள் ஒன்ராறியோவை வலுவிழந்தோர் தடையின்றிப் புழங்கக்கூடிய மாகாணமாக்குவது என்று 2005இல் ஒரு சட்டம் தவணை வைத்தது. அதன் கீழ் வந்த விதிகள் கட்டடங்களைத் தாண்டி வெளியிடங்களுக்கும் போயின. பொது அமைப்புகள் புதிதாகப் போடும் உலாப்பாதை ஒரு மீற்றருக்குக் குறையாத அகலம் இருக்க வேண்டும். கடற்கரைக்கு இறங்கும் பாதைக்கும் அளவு உண்டு. சிறுவர் விளையாட்டிடம் அமைக்குமுன் வலுவிழந்தோரிடம் கருத்துக் கேட்டே ஆகவேண்டும்.

தவணை கடந்துவிட்டது, வேலை முடியவில்லை. டேவிட் ஒன்லி ஸ்காபரோவில் வளர்ந்தவர். சிறுவயதில் போலியோ தாக்கி, மின்வண்டியில் நடமாடியவர். 2007 முதல் 2014 வரை மாகாணத்தின் துணைநிலை ஆளுநராக இருந்தவர். அந்தச் சட்டம் எப்படி நடைமுறையாகிறது என்று அவர் 2019இல் அரசிடம் கொடுத்த மீளாய்வு, மாகாணத்தை ஈவிரக்கமில்லாமல் சாடியது. ஆகவே கனடாவைச் சொர்க்கமாகக் காட்டுவதற்காக இந்த மடல் எழுதப்படவில்லை. இங்கே பாதி செய்து முடிந்திருக்கிறது, ஊரில் தொடங்கவே இல்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றியே பேச்சு.

ரொறன்ரோத் தமிழர் கோடையில் அள்ளுப்பட்டுப் போகும் இடம் வசாகா. 14 கிலோமீற்றர் நீள மணற்கரை. (அது ஏரிதான், என்றாலும் “கடற்கரைக்குப் போறம்” என்றே சொல்லிப் பழகிவிட்டது.) அங்கே சில இடங்களில் மணலின் மேல் தடித்த பாய் ஒன்றை விரித்து வைத்திருப்பார்கள். தேவையில்லாத காலத்தில் சுருட்டி எடுத்துவிடலாம். சக்கர நாற்காலி புதையாமல் அதன் மேல் தண்ணீரை நோக்கி உருளும். ஊதிய பந்துபோன்ற பெரிய சில்லுகள் பூட்டிய மணற்கதிரைகளும் உண்டு.

இப்போது காரைநகர்க் கசூரினாவை எண்ணிப் பார்க்கலாம். அலையடிக்காத, ஆழமில்லாத கடல். நீச்சல் தெரியாதவரும் வெகுதூரம் நடந்து போகலாம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவர் துணையோடு இறங்கிக் குளிப்பதற்கு, வசாகாவின் விறைக்கும் தண்ணீரைவிட நூறு மடங்கு தோதான இடம். இடையில் நிற்பது வாகனம் நிற்கும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் மட்டுமே. குறிகாட்டுவான் இறங்குதுறையின் பாடு வேறு. ஆடும் படகுக்குள் கால் வைத்து இறங்க வேண்டும். முடியாதவரை இரண்டு பேர் தூக்கி இறக்குகிறார்கள். நயினாதீவு அம்மனைக் காணப் போகும் ஒருவர் சாக்குமூட்டைபோலக் கைமாறுவதை ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும். தூக்குகிறவர்களின் மனம் நல்ல மனம், அதில் குறையில்லை. தூக்கப்படுகிறவரின் முகத்தை ஒருமுறை பார்த்தவர் அடுத்த ஆண்டும் அதே ஏற்பாடு போதும் என்று சொல்லமாட்டார்.

மணலுக்கு வழி காண்பது வெள்ளைக்காரருக்கு மட்டும் வாய்த்த வித்தை அல்ல. சென்னை மெரினாவில் ஆண்டுக்கு ஒருதடவை, டிசம்பர் 3ஆம் தேதி மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி, தற்காலிகப் பாதை போட்டு அவர்களைக் கடலருகே கூட்டிப்போவது வழக்கமாக இருந்தது. மற்ற நாட்களில் என்ன செய்வது என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். 2022 நவம்பரில் 263 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமுமான நிரந்தர மரப்பாதையை மாநகராட்சி திறந்தது. செலவு 1 கோடியே 14 இலட்சம் இந்திய ரூபா. இரண்டு கிழமை ஆகுமுன் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. மாநகராட்சி திருத்திக் கட்டியது. கடலோரத்தில் எதையும் ஒருமுறை கட்டிவிட்டுக் கையைக் கழுவ முடியாது; பராமரிப்புக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதியில் மணல் பரப்பப்படுகிறது. அங்கப்பிரதட்சணம் செய்கிறவரின் உடம்பு நோகாமலிருக்க அது வேண்டியதே. அந்த மணலில் நாற்காலியின் முன்சில்லு நாலு முழம்கூடப் போகாது. வெளிவீதியின் ஒரு கரையில் பாயோ பலகையோ விரித்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் இடமிருக்கும். இது ஆகமத்தோடு முட்டுகிற காரியமாகத் தெரியவில்லை. முட்டும் என்றால் சிவாச்சாரியார்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம்.

இனி ஊர்க்கதை. எல்லா ஊரையும்போல எங்கள் சனசமூக நிலையத்துக்கும், அதாவது வாசிகசாலைக்கும், வாசலில் மூன்று படிகள். பேப்பர் பார்ப்பது, கரம் ஆடுவது, கூட்டம் போடுவது, சரஸ்வதி பூசை, விளையாட்டுக்கழகத்தின் வரவுசெலவுச் சண்டை எல்லாம் அந்த மூன்று படிகளுக்கு மேலே நடக்கின்றன. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு வலுவிழப்பு உண்டு. போர் மிதித்துப்போன வடக்கில் கண்ணிவெடியையும் ஷெல்லையும் பற்றி யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் செயற்கைக் கால் செய்து கொடுத்துவருகிறது. ஜெய்ப்பூர்க் கால் நம்மவரின் வாழ்க்கையைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது: செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தலாம், சம்மணம் கொட்டலாம், வயல் சேற்றில் இறங்கலாம். மனிதருக்குத் தோதாகக் காலைச் செய்யத் தெரிந்த ஊரில், மனிதருக்குத் தோதாக வாசலைச் செய்யத் தெரியவில்லை.

இதில் இங்கிருப்பவர்களின் பங்கும் சிறிதல்ல. புலம்பெயர் சங்கங்கள் சக்கர நாற்காலி அனுப்புவதில் வலு கெட்டி. மாலை போட்டு, வரிசையில் இருத்தி, படமெடுத்து, மலரில் போடுகிறார்கள். ஒழுங்கையின் கிறவலிலும் வாசிகசாலைப் படியிலும் அந்த நாற்காலி நின்றுவிடுவதைப் படமெடுப்பவர் இல்லை. இதைவிட வெட்கமான ஒன்றும் உண்டு. ஸ்காபரோவில் தமிழர் சமூக மையம் ஒன்று கட்டுவதற்கு மத்திய, மாகாண அரசுகள் 2021இல் 2 கோடியே 63 இலட்சம் டொலர் அறிவித்தன. அந்த வரைபடத்தில் சாய்தளம் வேண்டுமா என்று ஒருவரும் விவாதிப்பதில்லை. அது இல்லாமல் இங்கே கட்டட அனுமதி கிடைக்காது. அதே ஆட்கள் ஊரில் மண்டபத்துக்குக் காசு அனுப்பும்போது கேட்பது ரைல்ஸ் என்ன நிறம், பெயர்க்கல் எந்தப் பக்கம் என்பதைத்தான்.

சட்டம் இலங்கையிலும் இருக்கிறது. 1996இல் உரிமைச் சட்டம், 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள். அவற்றுக்கு உயிர்கொடுக்க ஒருவர் உயர் நீதிமன்றம் போகவேண்டியிருந்தது. அவர் அஜித் பெரேரா, கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் வீதியோர மரம் விழுந்து இரு கால்களும் செயலிழந்தவர். அவர் தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரலில் வந்த கட்டளை, புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என்றது. அதற்குப் பிறகும் மூன்று படி வைத்துக் கட்டுகிறோம்.

சாய்தளம் என்ற பெயரில் நடக்கும் கூத்தும் உண்டு. வலிகாமத்தில் ஒரு பொதுக் கட்டடம், பெயர் வேண்டாம். வாசலருகே சாய்தளம் இருக்கிறது, பளபளக்கும் ரைல்ஸ் பதித்து, கூரைபோலச் செங்குத்தாக. மழை பெய்தால் நடக்கிறவரே வழுக்கி விழுவார். அதன் தற்போதைய பயன், இரவில் மோட்டார் சைக்கிள்களை உள்ளே ஏற்றுவது. விசேட மலசலகூடத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள் கூரைவரை அடுக்கியிருக்கின்றன.

கணக்கு எளிது. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டு அடி சாய்தளம் வேண்டும். ஐந்து அடியில் முடித்துத் தருகிறேன் என்கிற மேசனை அனுப்பிவிடலாம். மேலே நாற்காலி திரும்ப ஐந்து அடி சதுரத்தில் சமதரை. இரு கரையிலும் கைபிடி. மேற்பரப்பு சொரசொரப்பான சீமெந்து, ரைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

நாற்காலியோடு காரியம் முடிவதில்லை. பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு வேண்டியது உள்ளே குண்டுகள் கிலுங்கும் ஒரு பந்தும் மேடுபள்ளமில்லாத தரையும்தான். பார்வையற்றோர் இல்லமான சுன்னாகம் வாழ்வகத்துப் பிள்ளைகளை எங்கள் கழகத்தின் வருடாந்தப் போட்டிக்கு அழைப்பதற்குச் சாய்தளம் கட்டி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. காது கேளாதவர்களுக்கு ஒலிபெருக்கி அறிவித்தலால் பயனில்லை. தேர் எத்தனை மணிக்கு என்பதைப் பலகையில் எழுதி வைத்தால் போதும்.

அடுத்த கோடை ஒன்றுகூடலில் சேரும் பணம் விளையாட்டு மைதானத்துக்குப் போகும் என்று இங்குள்ள சங்கத்தில் பேச்சு. மைதானத்துக்கு மதிலும் வளைவும் கட்டும் வரைபடம் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வளைவைத் தள்ளிப்போடலாம். முதலில் படலையிலிருந்து பார்வையாளர் இடம்வரை ஐந்து அடி அகலத்தில் கொங்கிரீட் பாதை, அகலக் கதவுள்ள ஒரு மலசலகூடம், வாசிகசாலைக்குப் பதினெட்டு அடிச் சாய்தளம். அளவெடுக்கும் நாளில் ஊரில் சக்கர நாற்காலியில் இருக்கும் இருவரையாவது அழைத்து, உருட்டிப் பார்த்து, அவர்கள் சரி என்ற பிறகே கோடு கீற வேண்டும். அவர்களில் ஒருவருக்கு நிர்வாக சபையில் இடமும் வாக்கும் வேண்டும்; கூட்டம் படிகளுக்குக் கீழே, வேப்பமரத்தடியில் நடந்தாலும் பரவாயில்லை. கூலியும் சாமானும் பிரித்துக் காட்டிய மதிப்பீடு கார்த்திகை முடிவதற்குள் வந்துசேர்ந்தால், பொங்கல் விழாக் கணக்கிலிருந்தே முற்பணம் கேட்டுப் பார்க்கலாம்.

இங்ஙனம்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் ஊரவர்