பிள்ளையைப் பிடித்திருப்பது எது? தீம் பார்க் ரைடுகளில் தனியே ஏறும் சிறு குழந்தைகள் பற்றிப் பெற்றோர் சங்கத்தின் நிலைப்பாடு

கோடை விடுமுறை வந்துவிட்டால் தீம் பார்க் வரிசைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "அண்ணா, இவன் தனியா ஏறலாமா?" என்பது. வாசலில் நிற்கும் பணியாளர் பையனை உயரப் பலகையோடு ஒட்டி நிறுத்துவார். தலை கோட்டைத் தொட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. பின்னால் வரிசை நெருக்கும். அப்பா அதற்குள் வேலிப் பக்கம் போய் வீடியோ எடுக்க இடம் பிடித்திருப்பார். பிள்ளைக்கு வயது என்ன, சொன்னால் கேட்டு உட்காருவானா என்று யாரும் விசாரிப்பதில்லை.

இந்த விஷயத்தில் பெற்றோர் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். ஏழு வயது நிரம்பாத குழந்தையை எந்த ரைடிலும் தனியாக ஏற்றக் கூடாது. கூட ஏறுபவருக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். பெரியவர்கள் உட்காரவே முடியாத குட்டி ரயில், குட்டிக் கார் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கேயும் பெற்றோரில் ஒருவர் பிள்ளையின் கண்ணில் படும்படி வேலியை ஒட்டி நிற்க வேண்டும். பெல்ட்டோ கம்பியோ இல்லாத தண்ணீர் ரைடுகளில், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஏறும் ஒவ்வொரு படகிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

ஏழு, பதினான்கு என்ற எண்களைச் சங்கம் தானாக உருவாக்கவில்லை. அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் நெடுநாளாக இருக்கும் விதி அது: ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர் ரைடில் ஏற 14 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் துணை வேண்டும். உயர விதி அதற்கு மேல் தனியாக உண்டு. ஃப்ளோரிடாவில் 'ஸ்பேஸ் மவுண்டன்' ஏற 44 அங்குல உயரம் வேண்டும். அந்த உயரம் இருக்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கும் துணை வேண்டும். உயரமும் வயதும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இருக்கையின் கம்பி உடம்பில் பொருந்துமா என்று உயரம் சொல்லும். நடு வழியில் பயந்துபோன பிள்ளை எழுந்து நிற்காமல் இருக்குமா என்று உயரம் சொல்லாது. நெடுநெடுவென்று வளர்ந்த ஐந்து வயதுப் பையனுக்கும் புத்தி ஐந்து வயதுதான்.

சங்கத்தின் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம். 2017 மே 9 அன்று டிரேட்டன் மேனர் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா வந்த 11 வயது மாணவி, 'ஸ்பிளாஷ் கேன்யன்' என்ற வட்டப் படகு ரைடில் தோழிகளுடன் ஏறினாள். அந்தப் படகில் ஆசிரியர் யாரும் இல்லை. அந்த ரைடின் விதிப்படி 0.9 மீட்டர் முதல் 1.1 மீட்டர் வரை உயரம் உள்ளவர்களுக்குத்தான் பெரியவர் துணை தேவை. செயற்கை ஆறு, குலுங்கும் படகு, பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். எழுந்து நிற்பதையும் இடம் மாறி உட்காருவதையும் தடுக்க எதுவும் இல்லை. அவள் தண்ணீரில் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து கரையேற முயன்று, ஆழமான பகுதிக்குள் போய் மூழ்கினாள். ரைடை இயக்கியவர்களால் ஓடை முழுவதையும் பார்க்க முடியவில்லை, தண்ணீரில் விழுந்தவரை உடனே மீட்பதற்கான ஏற்பாடும் போதுமானதாக இல்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. 2013-லேயே 10 வயதுச் சிறுவன் ஒருவன் அதே ரைடில் தண்ணீரில் விழுந்திருந்தான். 2022-ல் நீதிமன்றம் பூங்காவை நடத்திய நிறுவனத்துக்கு 10 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

அந்த மாணவிக்கு வயது பதினொன்று. ஏழு வயது விதி அவளைத் தொட்டிருக்காது. தண்ணீர் ரைடுகளுக்குத் தனி விதி வேண்டும் என்று சங்கம் சொல்வதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு ரைடிலும் பிள்ளையை இருக்கையில் பிடித்து வைத்திருப்பது எது என்று முதலில் பார்க்க வேண்டும். சிலவற்றில் அது இரும்பு. சிலவற்றில் பிள்ளையின் சொந்தக் கட்டுப்பாடு மட்டுமே. இரண்டாவது வகையில், கூட்டாளிகளோடு கும்மாளம் போடும் பத்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது பெரியவர்களின் சோம்பேறித்தனம். "உட்காரு" என்று அதட்ட ஓர் ஆள் படகிலேயே இருக்க வேண்டும்.

இரும்பு பிடித்திருக்கும் ரைடுகளின் கதை வேறு. அங்கே பெற்றோர் கூட இருப்பது பல வேளைகளில் பொய்யான தைரியத்தைத் தருகிறது.

கொலம்பஸ் கப்பல் ரைடிலோ டிராகன் ரயிலிலோ ஒரே கம்பி இரண்டு, மூன்று பேர் மடிக்கும் சேர்ந்து இறங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அப்பா நடுவில், மகள் ஓரத்தில். கம்பி இறங்கி அப்பாவின் தொப்பையில் முட்டி நிற்கிறது. அவருக்கு அது கச்சிதம். மகளின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவள் கால் தரையில் பாவுவதில்லை, முதுகு சாய்மானத்தைத் தொடுவதில்லை. பணியாளர் கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். லாக் விழுந்தது உண்மைதான், ஆனால் அது அப்பாவுக்கு விழுந்த லாக். இப்படிப்பட்ட இருக்கையில், கூட உட்கார்ந்த பெரியவரே பிள்ளையின் பாதுகாப்பைக் கெடுக்கிறார்.

2000 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில், குடும்பத்தோடு 'ரோஜர் ராபிட்' ரைடில் போன நான்கு வயதுச் சிறுவன் வண்டியிலிருந்து விழுந்து மூளையில் கடுமையாக அடிபட்டான். அவனை ஏறி இறங்கும் திறப்பின் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள், கம்பியும் முழுமையாக இறங்கவில்லை. 2021 செப்டம்பரில் கொலராடோவின் கிளென்வுட் கேவர்ன்ஸ் பூங்காவில், 110 அடி செங்குத்தாகக் கீழே விழும் ரைடில் ஆறு வயதுச் சிறுமி இறந்தாள். குடும்பத்தார் அவள் அருகில்தான் இருந்தார்கள். பெல்ட் போடப்படாமல் அவளுக்கு அடியில் கிடந்தது. கருவி காட்டிய எச்சரிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பணியாளர்கள் ரைடை இயக்கியதாக மாநில அரசின் விசாரணை சொன்னது. இந்த இரண்டு பிள்ளைகளையும் யாரும் தனியாக அனுப்பவில்லை.

ஆகவே துணை என்பதை லாக்குக்கு மாற்றாக எந்தப் பூங்காவும் காட்டக் கூடாது. பெல்ட்டைப் பார்க்க வேண்டியது பணியாளரின் வேலை, அதுவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். யார் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும். வேகமாகச் சுற்றும் ரைடுகளில் உடம்பு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். பெரியவர் உள்பக்கமும் பிள்ளை வெளிப்பக்கமும் உட்கார்ந்தால், பெரியவரின் முழு எடையும் பிள்ளையை நசுக்கும். இது வரிசையில் நிற்கும் எல்லா அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. மடியில் வைத்துக்கொள்வதோ கையால் அணைத்துப் பிடிப்பதோ போதும் என்ற நினைப்பையும் விட்டுவிட வேண்டும். ரைடின் விசைக்கு முன் மனிதக் கை நிற்காது.

அப்படியானால் துணை எதற்கு? பிள்ளை பயப்படும் அந்தச் சில நொடிகளுக்கு. பயந்த குழந்தை பிடித்துக்கொள்ளாது, இறங்கத்தான் பார்க்கும். இன்னொரு காரணத்தைச் சென்னைவாசிகளுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2025 மே மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள விஜிபி பூங்காவில் ஒரு ரைடு அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அதில் இருந்தவர்களைத் தீயணைப்புத் துறையினர் ஏணி வண்டி கொண்டுவந்து இறக்கும்வரை பல மணி நேரம் மேலேயே காத்திருந்தார்கள். அவ்வளவு நேரம், அவ்வளவு உயரத்தில், பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஐந்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பார்த்தால் போதும்.

"எங்க காலத்துல திருவிழா ராட்டினத்துல தனியாத்தான் சுத்தினோம்" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். மறுப்பதற்கில்லை. அந்த மரக்குதிரை ராட்டினத்தை ஒருவர் கையால் தள்ளிச் சுற்றினார். பிள்ளை முகம் கோணினால் அப்போதே நிறுத்தினார். இன்றைக்கு ஆபரேட்டர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே, மால்களில் உள்ள ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை ரைடுகளில் காயம்பட்டு அவசர சிகிச்சைக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 93,000 பேர் என்று ஒஹையோவின் நேஷன்வைடு குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2013-ல் கணக்கிட்டார்கள். அடிபட்ட இடங்களில் தலையும் கழுத்தும் முதலிடம். மால்களில் காசு போட்டால் ஆடும் குதிரை, கார் போன்றவற்றில் நேர்ந்த காயங்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசி, பிள்ளை விழுந்ததால் வந்தவை. பெற்றோர் கொஞ்சமும் கவலைப்படாமல் விட்டுவிட்டு பில் போடப் போகும் இடம் அது.

இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை ஆளாக வரும் அம்மா என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. டிஸ்னி பூங்காக்களில் பெரியவர்கள் முறை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஒருவர் சிறியவனோடு காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கியதும் திரும்ப வரிசையில் நிற்காமல் இடம் மாறலாம். இரண்டு பெரியவர்கள் வந்த குடும்பத்துக்கு அது உதவும், ஒற்றை ஆளுக்கு உதவாது. அவருக்காகப் பூங்காவே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஒருவரைத் துணைக்கு ஏற்ற வேண்டும் என்று சங்கம் கோருகிறது. செலவு பிடிக்கும் கோரிக்கைதான். நுழைவுக் கட்டணமும் சும்மா இல்லை.

அழும் பிள்ளையை "ஒண்ணும் ஆகாது, போ" என்று தள்ளி ஏற்றுவதைப் பூங்காப் பணியாளர்கள் தடுக்க வேண்டும், பெற்றோர் கோபித்தாலும் சரி.

பள்ளிச் சுற்றுலாக்களுக்கு வரும் கல்வியாண்டிலிருந்து சங்கம் சில நிபந்தனைகள் வைக்கிறது. முன்பதிவுக்கு முன் பள்ளி நிர்வாகம் பூங்காவிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எந்தெந்த ரைடுகளில் பெல்ட்டோ தனிக் கம்பியோ இல்லை, தண்ணீர் ரைடின் முழு ஓடையும் கேமராவில் தெரிகிறதா, தண்ணீரில் விழுந்தவரை எடுக்க யார் எங்கே நிற்கிறார்கள், ரைடு நடுவில் நின்றால் இறக்கும் ஏற்பாடு என்ன. பதில் வராத பூங்காவுக்கான அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது.