வெள்ளம் அழுக்கை எங்கே கொண்டுபோகிறது?

பருவமழை வலுத்து கடக்வாஸ்லா அணையின் மதகுகள் திறக்கப்பட்டதும், புனேயில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுதான்: ஆற்றை வெள்ளம் கழுவிவிட்டது. கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது. பிடே பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடுகிறது, கோடை முழுவதும் தேங்கிக் கிடந்த ஆகாயத்தாமரை அடித்துக்கொண்டு போகிறது, நாற்றம் அடங்குகிறது. 2024 ஜூலையில் விநாடிக்கு 35,000 கன அடிக்கு மேல் திறந்துவிட்டு, சிங்ககட் சாலைக் குடியிருப்புகளில் தண்ணீர் புகுந்தபோதும், ஆறேனும் சுத்தமாகட்டும் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை தவறு என்பதோடு நிற்கவில்லை. கீழே வாழ்பவர்களுக்குக் கேடாகவும் முடிகிறது.

புனே வழியே ஓடும் இந்த முட்டா ஆற்றோடு முளா சேர்ந்து, இரண்டும் பீமாவில் கலக்கின்றன. பீமாவின் குறுக்கே 1980இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணை நிற்கிறது. அதன் கொள்ளளவு சுமார் 117 டி.எம்.சி.; அதில் பாதிக்கு மேல், மதகு மட்டத்துக்குக் கீழே கிடக்கும் இருப்பு. புனேயின் கழிவு அங்கே போய்ச் சேர்ந்ததும் ஓட்டம் தளர்கிறது, வண்டல் படிகிறது. கழிவிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. அது இரும்போடு ஒட்டிக்கொண்டு அடிச்சேற்றில் தங்குகிறது. கோடையில் அழுகும் பொருள் ஆழத்திலுள்ள ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும், அந்தப் பிடி தளர்ந்து பாஸ்பரஸ் மறுபடி நீரில் கரைகிறது. மேலே நீலப்பச்சைப் பாசி படர்கிறது. ஆகஸ்டில் கழுவிவிட்டதாக நாம் நினைத்தது ஏப்ரலில் பச்சைத் தண்ணீராக எழுந்து வருகிறது. சோலாப்பூர் நகரம் குடிப்பது இந்த நீரைத்தான்; பண்டரிபுரத்தில் வாரகரி பக்தர்கள் நீராடுவதும் இது வந்து சேரும் ஆற்றில்தான்.

ஓடும் ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளாதா என்று கேட்கலாம். ஓடினால் செய்துகொள்ளும். மழைக்காலம் முடிந்தபின் கடக்வாஸ்லாவின் நீர் கால்வாய்க்கும் குழாய்க்கும் போய்விடுகிறது. நகருக்குள் ஆற்றுப்படுகையில் ஓடுவதில் பெரும்பங்கு சாக்கடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இலைச்சருகையும் வண்டலையும் பான்ஷெத், வரஸ்காவ், டேம்கர் அணைகள் மேலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. மீன்குஞ்சுகளுக்கு நல்ல தீனியான டயாட்டம் பாசிக்குத் தேவையான சிலிக்காவிலும் ஒரு பங்கு அங்கே தங்கிவிடும். ஆக, அணை ஆற்றின் இயல்பான ஊட்டத்தைத் தடுக்கிறது. நகரம் வேறோர் ஊட்டத்தை அந்த இடத்தில் கொட்டுகிறது. நைல் நதியில் நடந்ததும் இதுதான். அஸ்வான் உயர் அணையால் 1960களின் நடுவில் வெள்ளம் நின்றதும் எகிப்தின் கடலோர மத்தி மீன்பிடி சரிந்தது. 1980களில் அது மீண்டதற்கு, வயல்களின் உரமும் நகரங்களின் கழிவும் கடலை எட்டியதே காரணம் என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அப்படியானால் கழிவால் நன்மைதானே என்று யாராவது எழுந்து சொல்லக்கூடும். மத்தியதரைக் கடலுக்கு அலையும் ஆழமும் உண்டு. உஜனிக்கு இருப்பது ஒரு சுவர். உஜனி நீர் பாயும் கரும்புக்கு இந்தக் கழிவு உரமாகட்டும் என்ற வாதமும் நிற்காது. அந்த வயல்களுக்கு மேலும் ரசாயன உரம் இடப்படுகிறது. மிஞ்சியது வடிந்து திரும்பவும் பீமாவுக்கே வருகிறது.

ஜப்பானியக் கடனுதவியில் சுத்திகரிப்பு நிலையங்கள் எழும்புகின்றன. அவசியமான வேலை, வரவேற்கிறேன். ஆனால் அழுகும் பொருளைக் குறைப்பது ஒன்று, பாஸ்பரஸைப் பிரித்தெடுப்பது இன்னொன்று. முதலாவதோடு நின்றுவிட்டால், நாற்றமில்லாத தெளிந்த நீர் பாசிக்குத் தேவையான அத்தனை உணவையும் சுமந்துகொண்டுதான் போகும். மேட்டூர் அணையில் ஆண்டுதோறும் பச்சைப் பாசி படர்ந்து நாறும்போது நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதைத் தமிழ்நாட்டினர் அறிவார்கள். அது நோய்க்குறிக்குப் பார்க்கும் வைத்தியம். புனேயில் எத்தனை கோடி லிட்டர் சுத்திகரித்தோம் என்ற கணக்கு மட்டும் போதாது. நகர எல்லையைத் தாண்டும் நீரில் மாதாமாதம் எவ்வளவு பாஸ்பரஸ் போகிறது என்பதை மாநகராட்சி அளந்து, சோலாப்பூர்க்காரர்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.