ஓடாத நடைக்கும் கணக்கு வேண்டும்

பெறுநர்: போக்குவரத்துத் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை.

நகல்: தலைவர், சட்டமன்றப் பொது நிறுவனங்கள் குழு; உறுப்பினர் செயலர், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்.

அனுப்புநர்: பேருந்துப் பயணிகள் சங்கம்.

பொருள்: அரசுப் பேருந்துகளுக்குச் செலவாகும் பொதுப் பணத்தைச் சட்டமன்றமும் பயணிகளும் கண்காணிக்க வழி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின், முதல் நாளிலேயே கையெழுத்திட்ட கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தருவது. அதற்காக அப்போது அறிவிக்கப்பட்ட மானியம் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அதே இனத்துக்கு 3,600 கோடி. நான்கே ஆண்டுகளில் மூன்று மடங்கு.

இந்தத் தொகையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கும்படி சங்கம் கேட்கவில்லை. திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பூக்கூடையோடு சந்தைக்கும் போகிறவர்களுக்கு அது பெரிய பணம். சங்கத்தின் கேள்வி வேறு. அந்த மானியத்தை நம்பி நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு, கால அட்டவணையில் இருந்த பேருந்துகளில் எத்தனை வந்தன?

வர வேண்டிய பேருந்து வராமல் போவதற்குப் பணிமனை வட்டாரத்தில் ‘டிரிப் கட்’ என்று பெயர். டிரைவர் வரவில்லை, வண்டி பழுது, ஸ்பேர் பஸ் இல்லை, திருவிழாச் சிறப்புப் பேருந்துக்கு வண்டி போய்விட்டது என்று காரணங்கள் பல. எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: அந்த நடை ஓடாது. டிக்கெட் எடுத்துப் போகிறவர் அடுத்து வரும் டீலக்ஸில் ஏறிவிடலாம். சாதாரணக் கட்டணப் பேருந்தான வெள்ளை போர்டுக்காகக் காத்திருக்கும் பெண் அதில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும். ஏறாவிட்டால் வேலைக்குத் தாமதமாகப் போக வேண்டும். ஒரு சாதாரணப் பேருந்தின் நடை ரத்தாகும்போது, எந்த அரசாணையும் இல்லாமலே அன்றைக்கு அந்த வழித்தடத்தில் சலுகையும் ரத்தாகிறது. எந்த நடை ஓடியது, எது ஓடவில்லை என்ற பதிவு ஒவ்வொரு பணிமனையிலும் அன்றாடம் எழுதப்படுகிறது. புதிதாக எதையும் கணக்கெடுக்க வேண்டியதில்லை. இருக்கிற பதிவை வெளியில் வைத்தால் போதும்.

ஆகவே சங்கத்தின் முதல் கோரிக்கை: எட்டுப் போக்குவரத்துக் கழகங்களும் பணிமனைவாரியாக, வழித்தடவாரியாக, திட்டமிட்ட நடைகள், ஓடிய நடைகள், ரத்தானதன் காரணம் ஆகியவற்றை மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்குத் தனிப் பத்தி வேண்டும். சராசரி போட்டு மொத்தமாகக் காட்டினால் மறைய வேண்டியதெல்லாம் அதில் மறைந்துவிடும்.

இது சலுகையாகக் கேட்கப்படுவதல்ல. மானியத் திட்டங்கள் எப்படி நடத்தப்படுகின்றன, எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதை யாரும் கேட்காமலே அரசு அமைப்புகள் வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு சொல்கிறது. கண்டக்டர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டு ஒன்றுக்கு அரசு கழகத்துக்கு எவ்வளவு ஈடு தருகிறது, அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது, எத்தனை நாளில் கழகத்தின் கைக்குப் போய்ச் சேருகிறது என்பவையும் இதில் அடங்கும். ஈடு குறைவாகவோ தாமதமாகவோ வந்தால், டீசலும் டயரும் வாங்கும் பணத்தில்தான் முதலில் கை வைக்கப்படும் என்பது பணிமனையில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

நட்டத்தைப் பற்றி அரசே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றிருந்தது. காசு வரை துல்லியமான அந்த எண் பரவலாகப் பேசப்பட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. டீசலுக்கு எவ்வளவு, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எவ்வளவு, வாங்கிய கடனுக்கான வட்டி எவ்வளவு? 2018 ஜனவரிக்குப் பிறகு பல ஆண்டுகள் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருந்தது அரசின் கொள்கை முடிவு. அதன் செலவைக் கழகத்தின் திறமைக் குறைவாக எழுதுவது நியாயமில்லை. அதேபோல, நிர்வாகக் கோளாறால் வந்த நட்டத்தை ஏழைகளுக்கான சலுகை என்ற பெயரில் எழுதிவிடவும் கூடாது. சமூகக் கடமைக்கான செலவு ஒரு பக்கம், நிர்வாக நட்டம் ஒரு பக்கம் என்று இரண்டாகப் பிரித்த ஆண்டுக் கணக்கை ஒவ்வொரு கழகமும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே சட்டமன்றத்தில் வைக்க வேண்டும்.

கழகங்கள் கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் அரசு நிறுவனங்கள். இவற்றுக்குத் தணிக்கையாளரை நியமிப்பவர் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர். ஆண்டறிக்கையைத் தணிக்கைக் குறிப்புகளோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 395-ஆவது பிரிவு. தணிக்கை அறிக்கையைப் பரிசீலிக்கப் பொது நிறுவனங்கள் குழுவும் இருக்கிறது. ஏற்பாட்டில் குறையில்லை, வேகத்தில்தான் குறை. வண்டி தேய்ந்து ஏலத்துக்குப் போன பிறகு அதை வாங்கிய விதம் பற்றி விசாரிப்பதால் பயணிக்கு என்ன லாபம்? குழு ஆண்டுக்கு ஒரு முறையாவது போக்குவரத்துக் கழகங்களுக்கென்றே தனி அமர்வு நடத்திப் பயணிகளையும் தொழிலாளர்களையும் நேரில் கேட்க வேண்டும்.

இனி, ஒப்பந்த முறை. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்த ஊரில் அது நல்ல நாள்தான். ஆனால் அந்த வண்டிகள் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. தனியார் நிறுவனம் வண்டியையும் டிரைவரையும் தரும். டிக்கெட் வசூல் கழகத்துக்குப் போகும். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் நிறுவனத்துக்குக் கொடுக்கும். கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிலோமீட்டருக்கான பணம் உண்டு. இத்தகைய முறையில் கண்காணிப்பு தளர்ந்தால் பணம் போவது கண்ணில் படாது.

லண்டன் நகரப் பேருந்துகளும் இப்படித் தனியார் ஒப்பந்தத்தில் ஓடுபவைதான். ஆனால் அங்கே போக்குவரத்து அமைப்பு, திட்டமிட்ட தூரத்தில் எத்தனை சதவீதம் ஓடியது, பயணிகள் அட்டவணைக்கு மேல் எவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்பதை வழித்தடம் வழித்தடமாக வெளியிடுகிறது. நேரம் தவறாத நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை, தவறினால் பிடித்தம். சென்னையிலும் மின்சாரப் பேருந்து ஒப்பந்தங்களின் முழு வாசகமும், கிலோமீட்டர் கட்டணமும், மாதந்தோறும் கொடுத்த தொகையும், பிடித்த அபராதமும் வெளியிடப்பட வேண்டும். வணிக ரகசியம் என்ற பதிலைச் சங்கம் ஏற்காது. பொதுப் பணத்தில் ஓடும் பொதுப் பேருந்தில் ரகசியமாக இருக்க என்ன இருக்கிறது?

துறைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் செலவழிப்பதற்குக் கிளாம்பாக்கம் அண்மைய சான்று. சுமார் 394 கோடி ரூபாயில் 88 ஏக்கரில் கட்டிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. எதிரே தண்டவாளம் இருந்தது. ரயில் நிலையம் இல்லை. தென் மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு மாநகரப் பேருந்துக்கு அலைந்ததை அன்றைய செய்தித்தாள்களே எழுதின. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை அதைவிடப் பழைய கதை. சுமார் 5 கிலோமீட்டருக்கு 2008-இல் தொடங்கிய அந்தப் பணி, ஆதம்பாக்கம் அருகே ஏறத்தாழ 500 மீட்டர் நிலத்துக்காகப் பல ஆண்டுகள் முடங்கியது.

இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதன் ஒவ்வொரு நிலையத்துக்கும் இணைப்புப் பேருந்து எது, அதை யார் ஓட்டுவார்கள், செலவு யாருடையது என்ற விவரத்தைக் குழுமம் நிலையம் திறப்பதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். குழுமக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் வெளிவர வேண்டும்; குழுமத்தில் பேருந்துப் பயணிகளின் பிரதிநிதிகளுக்கு இடம் தரப்பட வேண்டும்.

தொழிலாளர் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜனவரி வேலைநிறுத்தத்தில் ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி நிலுவையும் ஒரு கோரிக்கை. நிலுவை ஒரு பக்கம் என்றால், ஆள் பற்றாக்குறை மறுபக்கம்: ஓய்வுபெறும் டிரைவரின் இடத்தில் ஆள் எடுக்காமல் விட்டால், மிச்சமுள்ளவர் இரட்டைப் பணி பார்ப்பார், அல்லது நடை ரத்தாகும். 2025 மார்ச்சில் 3,274 ஓட்டுநருடன் நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. எந்தப் பணிமனைக்கு எத்தனை பேர், அதன்பின் அங்கே எத்தனை நடைகள் மீண்டன என்பதையும் மேலே கேட்ட மாதக் கணக்கிலேயே சேர்க்கலாம்.

முதற்கட்டமாக மாநகர் போக்குவரத்துக் கழகமும் வேறு ஏதேனும் ஒரு மாவட்டக் கழகமும் கடந்த ஓராண்டுக்கான நடைக் கணக்கை 60 நாட்களுக்குள் வெளியிட ஆணையிடுமாறும், அதையொட்டிச் சங்கப் பிரதிநிதிகளைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
பேருந்துப் பயணிகள் சங்கச் செயற்குழு