வெந்நீர் வைக்கத் தெரியுமா?

"வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத பிள்ளை!"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைக் குறைசொல்ல இதைவிடச் சுருக்கமான வசனம் வேறு இல்லை. குழம்பு வைக்கத் தெரியாவிட்டால் போகட்டும், கோலம் நெளிந்தாலும் போகட்டும். வெந்நீர் வைப்பதற்கு என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது என்பது அதன் பொருள். அடுப்பை மூட்டு, பாத்திரத்தை வை, கொதித்தால் இறக்கு. இக்காலத்தில் அதுவும் வேண்டாம். கெட்டிலில் நீரை ஊற்றிச் சுவிட்சைத் தட்டினால் போதும். இதில் தெரியாமற் போக என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்பதே எங்கள் கருத்து. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், எங்களையும் சேர்த்தே, பல வீடுகளில் யாருக்கும் வெந்நீர் வைக்கத் தெரியாது என்று துணிந்து கூறுகிறோம். பெரியோர் கோபிக்க வேண்டாம். முழுவதும் படித்த பிறகு கோபித்துக்கொள்ளலாம்.

எங்களில் ஒருத்திக்கு நேர்ந்ததை, அவள் சம்மதத்துடன், முதலில் சொல்லுகிறோம். அப்போது அவள் எட்டாம் வகுப்பு. கார்த்திகை மாதத்து மழைக்காலை. தம்பி குளிப்பதற்காக, கொதிக்கும் நீரை அலுமினியப் பானையோடு தூக்கிக்கொண்டு அடுப்படியிலிருந்து குளியலறைக்கு நடந்தாள். பாவாடை தடுக்கிற்று. பானை சரிந்து, இடது பாதம் முழுவதும் வெந்நீர் கொட்டிற்று. வீட்டில் எழுந்த முதற்கேள்வி, "கண்ணை எங்கேட்டி வச்சிருந்த?" என்பதுதான். ஆச்சி ஓடிவந்து இட்லி மாவை அப்பினார்கள். பக்கத்து வீட்டு அத்தை அதன்மேல் பற்பசையைத் தடவினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தால் செய்யவில்லை. எல்லாரும் அன்பினால்தான் செய்தார்கள்.

மறுநாள் ஆச்சி கேட்டபோது, "வலி இல்லை" என்றாள். அதற்கு மறுநாளும் அப்படியே. காலுறைக்குள் பாதத்தை மறைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். மூன்றாம் நாள் காலுறையில் சீழ் ஊறியதை வகுப்பாசிரியை கண்ட பிறகே மருத்துவமனைக்குப் போனாள். அரையாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. தழும்பு இன்றும் இருக்கிறது. "வலியைவிட ஏச்சுக்குத்தான் பயந்தேன்" என்று அவள் எங்களிடம் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு தழும்பு எங்களுக்கும் நினைவுக்கு வந்தது.

அன்று செய்ய வேண்டியிருந்தது என்ன? குழாயடிதான்! சூடுபட்ட இடத்தைச் சாதாரணக் குளிர்ச்சியுள்ள ஓடும் நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். குழாயில் நீர் வராத நாளில் வாளியிலிருந்து செம்பால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். நனைந்த துணியை, அது தோலில் ஒட்டியிராவிட்டால் நீக்க வேண்டும். பின்பு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் போக வேண்டும். மாவு, மஞ்சள், பற்பசை, பேனா மை, எண்ணெய், பனிக்கட்டி, இவற்றில் ஒன்றும் ஆகாது. மாவு குளிர்ச்சி தருவதுபோல் தோன்றும். ஆனால் சூட்டை உள்ளே அடைத்துவிடும், கிருமியையும் கொண்டுவரும். கொப்புளத்தை உடைக்கவும் கூடாது. பெரிய புண்ணானால் 108-ஐ அழைக்கத் தயங்கவே கூடாது.

நீர் கொதித்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். அதுவும் தவறு. நீர் கொதிப்பது 100 டிகிரி செல்சியஸில். ஆனால் 60 டிகிரிச் சூடே பெரியவர்களின் தோலைச் சுமார் 5 வினாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு அந்நேரமும் வேண்டாம். ஆகவே, "இறக்கி வைத்தாயிற்று" என்று நாம் நிம்மதியாகப் போகிற நேரமே தவழும் பிள்ளைக்கு அபாயமான நேரம்.

இனிக் கெட்டிலுக்கு வருவோம். நெல்லைச் சீமைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, வயலுக்கும் குடத்துக்கும் நீர் தருவதோடு, 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரமும் தந்துவருகிறாள். அந்த இரண்டு பிள்ளைகளும் நம் வீட்டுக் கெட்டிலில் மறுபடியும் சந்திக்கின்றன. நடுவே ஒரு சுவர் இருக்கும்வரை அந்தச் சந்திப்பில் காப்பி கிடைக்கும். சுவர் இடிந்தால் உயிர் போகும்.

அச்சுவர் எது? மின்னோட்டத்தின் வெப்ப விளைவைப் பற்றி எங்கள் அறிவியல் புத்தகத்தில் படிக்கிறோம். நிக்ரோம் கம்பிச் சுருளில் மின்சாரம் பாயும்போது அது சூடாகிறது. கெட்டிலிலும் ஹீட்டர் ராடிலும் அச்சுருள் நேராக நீரைத் தொடுவதில்லை. ஓர் உலோகக் குழாய்க்குள் அதை வைத்து, இடைவெளியில் மக்னீசியம் ஆக்சைடு என்னும் வெள்ளைத் தூளை அடைக்கிறார்கள். அத்தூள் வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. நாளாக நாளாக உப்புப் படிந்தும், நீரில்லாமல் காய்ந்தும் குழாயில் வெடிப்பு விழுகிறது. அப்போது மின்சாரம் நீருக்குள் இறங்குகிறது. பார்வைக்கு நீர் எப்போதும்போலவே இருக்கும்.

அந்த நேரத்துக்கென்றே இரண்டாவது சுவர் ஒன்று உண்டு. அதுதான் எர்த். மூன்று கால் பிளக்கில் ஒரு கால் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செருகும்போது அது முதலில் சேர வேண்டும். எடுக்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். கசிந்த மின்சாரத்தை அது மண்ணுக்குக் கொண்டுபோகும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பிளக் உடைந்தால் ஒயரின் நுனியைச் சீவிச் சுவிட்ச் போர்டின் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குகிறோம்! "எர்த் இல்லாவிட்டாலும் கரண்ட் வருதே" என்கிறோம். வரும், வராமல் என்ன? ஆனால் எர்த் இல்லாத வீட்டில், கெட்டிலைத் தொடுகிற கைதான் எர்த்.

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது, அது அணைத்துவிடும்" என்று சில தந்தையர் சொல்லக்கூடும். எம்.சி.பி. கம்பிகளைக் காக்கும் காவலன். 16 ஆம்பியருக்கான எம்.சி.பி., அதற்குமேல் போனால்தான் விழித்துக்கொள்ளும். மனிதரைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. ஆட்களைக் காக்க வேறொரு காவலன் இருக்கிறான்; அவன் பெயர் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு வைக்கும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பட்டுப் புடவை எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இதன் செலவு ஒன்றும் பெரிதல்ல என்று அம்மாமார்களிடம் பணிவுடன் விண்ணப்பிக்கிறோம்.

கணக்கு ஒன்றும் போட்டுப் பார்த்தோம். 1500 வாட் கெட்டிலை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் வருகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் உரிய சின்னப் பிளக்கோ 6 ஆம்பியருக்கானது. அதில் கெட்டிலைச் செருகினால் போர்டு சூடாகிக் கருகுவதில் வியப்பென்ன? பெரிய 16 ஆம்பியர் பிளக்கிலேயே செருக வேண்டும்.

கெட்டில் தானாக அணைவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீர் கொதித்ததும் நீராவி ஒரு சிறு வழியாகச் சென்று, இரு உலோகங்களை ஒட்டிச் செய்த தகட்டைச் சூடாக்குகிறது. ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் தகடு வளைந்து சுவிட்சைத் தட்டுகிறது. மூடியைத் திறந்து வைத்தால் நீராவி வெளியே போய்விடும், சுவிட்ச் அணையாது. எனவே மூடியை மூடியே வைக்க வேண்டும். மேல் கோட்டுக்கு மேல் ஊற்றினால் கொதிநீர் தெறிக்கும். விடுதித் தோழியர் கெட்டிலில் பால் காய்ச்சுவதாகவும் நூடுல்ஸ் வேகவைப்பதாகவும் காற்றுவாக்கில் கேள்விப்பட்டோம். பால் பொங்கி வழிந்து மின்சாரத்தின்மேல் இறங்கும் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். கெட்டிலின் ஒயர் மேசையோரம் தொங்குவதும் கூடாது. தவழும் பிள்ளைக்கு அது ஊஞ்சல் கயிறாகத் தெரியும்.

கெட்டிலைவிட ஹீட்டர் ராடு பத்து மடங்கு கவனம் வேண்டுவது. இரும்பு வாளியில் அதைப் போடலாகாது. நீருக்கு வெளியே வைத்துச் சுவிட்சைப் போடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "சுட்டாச்சா?" என்று விரலை விட்டுப் பார்க்கலாகாது! முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, சிறிது பொறுத்து ராடை எடுத்த பின்னரே நீரைத் தொட வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாருக்கேனும் மின்சாரம் தாக்கினால் பாசத்தால் பாய்ந்து பிடிக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அணைப்பதே முதல் பாசம்.

"இவ்வளவு அபாயம் என்றால் வெந்நீரே வேண்டாமே" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் பக்கத்தார் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரைகடந்து குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, ஜங்ஷன் பக்கத்துத் தெருக்களுக்குள்ளும் வந்தாள். எங்கும் தண்ணீர், குடிக்கத்தான் நீர் இல்லை. அத்தகைய நாளில் காய்ச்சிய நீரே மருந்து. துணியில் வடிகட்டி, நீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் மடியும். அதை மூடிவைத்து, கைவிடாமல் கரண்டியால் மொண்டு குடிக்க வேண்டும். ஆனால் வெள்ளம் புகுந்த வீட்டில், மின்பணியாளர் வந்து பார்க்குமுன் எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. அன்று அடுப்பே நமக்குத் துணை.

ஆக, வெந்நீர் தேவை. அது உயிரைக் காக்கிறது. குறை நீரிலும் இல்லை, மின்சாரத்திலும் இல்லை. இந்த வேலை எங்களுக்கு ஏவப்படுகிறது, கற்பிக்கப்படுவதில்லை. அதுவே எங்கள் மனக்குறை. சைக்கிள் ஓட்டக் கற்றுத்தர அண்ணன் பின்னாலேயே ஓடிவருகிறான். வெந்நீர் வைக்க மட்டும் யாரும் கூட நிற்பதில்லை. தவறு நேர்ந்தபின் ஏசுவதற்கு எல்லாரும் வருகிறார்கள். சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராது என்பார்கள். நாங்கள் பூனைகளா, சூடுபட்டுத்தான் கற்றுக்கொள்ள?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பெற்றோருக்கு. ஒரு நாள் எலெக்ட்ரீஷியனை அழைத்து, வீட்டில் எர்த் இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். பிள்ளை சூடுபட்டு வந்தால், "எப்படிக் கொட்டினாய்?" என்பதைப் பிறகு கேளுங்கள், முதலில் குழாயைத் திறந்துவிடுங்கள். ஏசமாட்டார்கள் என்று தெரிந்தால் நாங்கள் புண்ணை மறைக்க மாட்டோம்.

இரண்டாவது, எங்கள் பள்ளிக்கு. மதிப்பிற்குரிய சிஸ்டர்மாரும் ஆசிரியைகளும் ஆண்டுக்கு ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க வேண்டுகிறோம். பழைய பிளக் ஒன்றைக் கழற்றிக் காட்டினால் போதும். படத்தில் நூறு முறை வரைந்து மதிப்பெண் வாங்கிய எர்த் கம்பியை நாங்கள் ஒருமுறையாவது கண்ணால் காண்போம்.

மூன்றாவது, எங்கள் வீட்டு அண்ணன் தம்பிமாருக்கு. நீங்களும் வெந்நீரில்தான் குளிக்கிறீர்கள். உங்களுக்கும் அதை வைக்கத் தெரிய வேண்டாமா? பாதி வாளிக்குமேல் சுமக்காமல், குளிர்ந்த நீரை முதலில் ஊற்றி வைத்து, "சுடுதண்ணி வருது, விலகுங்க!" என்று குரல் கொடுத்துக்கொண்டு நடக்க ஆண்பிள்ளைகளாலும் முடியும்.

தழும்புள்ள அந்தத் தோழி இப்போது தன் தம்பிக்கு வெந்நீர் சுமப்பதில்லை. அவனுக்கு வைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். முதல் நாள் அவன் கேட்டானாம், "இதுக்கெல்லாம் பாடமா அக்கா?" என்று. அவள் பாதத்தைக் காட்டினாளாம்.

தோழியரே, இனி யாரேனும் நம்மைப் பார்த்து, "வெந்நீர் வைக்கத் தெரியுமா?" என்று கேட்டால் வெட்கப்பட வேண்டாம். "தெரியும், உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?" என்று மரியாதையோடு திருப்பிக் கேட்போம்.

– பத்தாம் வகுப்பு மாணவியர்