மனனம் செய்த கடல்

செந்நிறமாய்ச் சாயும் மாலைச் சூரியன், விரிந்து கிடக்கும் வெண்மணல், கால்களை நனைத்துத் திரும்பும் அலைகள். ‘கடற்கரைக் காட்சி’ பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் எழுதித் தருவது இதைத்தான். விடத்தல்தீவு என்ற கரையோரக் கிராமத்துப் பிள்ளையும் இதையே பாடமாக்கி எழுதலாம், புள்ளியும் விழும். ஆனால் அந்த ஊர்க் கரையில் இருப்பவை கண்டற்காடும் சேற்றுநிலமும் ஆழமில்லாத பாக்குக் குடாக் கடலும்.

மாதிரிக் கட்டுரைகளைப் பாடமாக்கினால் எழுத்து தானே கைவரும் என்ற நம்பிக்கை பெற்றோரிடமும் ரியூசன் வகுப்புகளிலும் ஊறிப்போயிருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி க.பொ.த. சாதாரண தரம் வரை அது பிள்ளையைத் துரத்துகிறது. அது பிழையான நம்பிக்கை. பிள்ளைக்குத் தீங்கு செய்வதும்கூட. எதைப் பார்ப்பது, பார்த்ததில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கப் பழகாமல் எழுதப் பழக முடியாது. பாடமாக்கும் பிள்ளைக்கு அந்த வேலையை வேறொருவர் முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

“கிராமத்துப் பிள்ளைக்குச் சொல்வளம் போதாது, மாதிரி இல்லாமல் என்னத்தை எழுதும்?” என்பது வழமையான பதில். தகப்பனோடு வள்ளத்தில் போய்வரும் பிள்ளைக்கு வாடையும் சோளகமும் கச்சானும் எப்போது வீசும் என்று தெரியும். அதன் கட்டுரைக் கொப்பியில் மட்டும் எப்போதும் இளந்தென்றல். நல்ல உரைநடையைப் பிள்ளை வாசிக்கத்தான் வேண்டும். வாசிப்பது வேறு, ஒப்புவிப்பது வேறு.

பிள்ளை தன் கண்ணால் கண்டதை எழுத வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. ஜப்பானில் 1930களிலேயே ஆசிரியர்கள் சிலர், பிள்ளைகள் தம் வாழ்வை உள்ளபடி எழுதட்டும் என்று ஓர் இயக்கமாகவே நின்றார்கள். 1940இல் இடதுசாரிகள் என்ற ஐயத்தில் அவர்களிற் பலர் கைதானார்கள். போருக்குப் பின் யமகதா மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில் முச்சாக்கு செய்க்யோ என்ற இளம் ஆசிரியர் அதே வழியில் கற்பித்தார். அவருடைய மாணவன் எகுச்சி கோய்ச்சி, தாயின் மரணத்தையும் அதன் பின்னான வீட்டு வரவு செலவையும் எழுதினான். எவ்வளவு உழைத்தும் வறுமை ஏன் தீரவில்லை என்று கேட்டான். அந்தக் கட்டுரைக்குக் கல்வி அமைச்சர் பரிசு கிடைத்தது. வகுப்பின் எழுத்துகள் 1951இல் ‘யமாபிக்கோ கக்கோ’ என்ற நூலாக வந்து நாடெங்கும் வாசிக்கப்பட்டன. பிரான்சில் செலஸ்தென் ஃப்ரெனே 1924இலேயே வகுப்பறைக்குள் அச்சியந்திரம் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதை அவர்களையே அச்சுக்கோக்க வைத்தார்.

விடத்தல்தீவில் எழுதுவதற்கு விடயம் நிறைய உண்டு. 2016இல் அப்பகுதியில் 29,180 ஹெக்டயர் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அதில் 168 ஹெக்டயர் அளவை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வந்தது. உச்ச நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. விடுவிப்பது சரியா என்று தவணைப் பரீட்சையில் கேட்கலாம். எந்தக் கட்டுரைப் புத்தகத்திலும் விடை கிடைக்காது. பிள்ளை கரைக்குப் போக வேண்டும். கண்டலை நம்பி நண்டும் இறாலும் பிடிப்பவரிடமும், பண்ணை வந்தால் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவரிடமும் கேட்டு வர வேண்டும். தாளைத் திருத்தும் ஆசிரியரும் அலங்காரத்துக்குப் புள்ளி போடுவதை விட்டு, பிள்ளை பார்த்துச் சொன்ன விவரத்துக்கும் காட்டிய காரணத்துக்கும் போட வேண்டும்.