ஒரே டிராக்டர், ஊருக்கு ஒரு விலை!

ஒரு சோப்புக் கட்டி வாங்கினால் உறையிலேயே விலை அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் கடைக்காரர் ஒரு ரூபாய் கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகூட உறையைக் காட்டிக் கேள்வி கேட்கும். ஆனால் ஆறு லட்சம், எட்டு லட்சம் என்று கொட்டிக் கொடுத்து ஒரு விவசாயி வாங்குகிறாரே டிராக்டர், அதன் எந்த மூலையிலும் விலை பொறித்திருக்காது. எஞ்சின் நம்பர் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும், எத்தனை குதிரைசக்தி என்பது இருக்கும். விலை மட்டும் டீலரின் வாயில் இருக்கும்.

இதன் பலன் என்ன? ஒரே தொழிற்சாலையில் கட்டிய ஒரே மாடல், ஒரே மாதத்தில், தஞ்சையில் ஒரு விலைக்கும் சிவகங்கையில் வேறு விலைக்கும் விற்கிறது. எல்லை தாண்டிச் சித்தூருக்குப் போனால் அங்கே மூன்றாவது விலை. வித்தியாசம் நூறு இருநூறு அல்ல, ஆயிரக்கணக்கில். ஒரு விவசாயத் தொழிலாளி குடும்பம் மாதக்கணக்கில் வேலை செய்து சம்பாதிக்கும் கூலி அது. மைத்துனன் பக்கத்து ஜில்லாவில் குறைத்து வாங்கினான் என்ற சேதி, இவர் வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதான் வந்து சேரும்.

“டிராக்டர் வாங்கப் போகிறவன் நானா? நிலக்காரருக்கும் கம்பெனிக்கும் நடக்கும் பேரத்தில் நமக்கு என்ன?” என்று நம் வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று டிராக்டர் பெரிய பண்ணையின் அலங்காரப் பொருள் அல்ல. நாட்டில் ஆண்டுக்குப் பல லட்சம் டிராக்டர்கள் விற்கின்றன. வாங்குகிறவர்களில் ஐந்து ஏக்கர்காரரும் உண்டு. கடனுக்கு வாங்கி, தன் நிலத்தில் பத்து நாள் ஓட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் அயலார் நிலத்தில் வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டுகிறவர் அவர். அந்த வாடகையைக் கொடுப்பது யார்? அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கும் விவசாயத் தொழிலாளி. ஊரில் தகப்பன் விட்டுப்போன முக்கால் ஏக்கரைத் தரிசாகப் போடாமல் காப்பாற்றிவரும் மில் தொழிலாளி. டிராக்டர் விலையில் ஏறியது உழவு வாடகையில் வந்து இறங்குகிறது. வாடகையில் கட்டாதபோது கூலியில் கை வைக்கிறார்கள். நடவுக் கூலி பேச உட்காரும்போது “டிராக்டர் தவணை கழுத்தை நெரிக்கிறது” என்ற பேச்சை நாம் கேட்காததா?

ஆகவே இந்தப் பேரத்தில் நமக்கும் பங்கு உண்டு. விலை ஏன் மாறுகிறது என்று பார்ப்போம்.

டீலரைக் கேட்டால் முன்பெல்லாம் முதலில் வரியைச் சொல்வார். 2017 ஜூலை வரை அதில் உண்மையும் இருந்தது. ராஜ்யத்துக்கு ராஜ்யம் விற்பனை வரி வேறு. சில இடங்களில் நுழைவு வரி வேறு. எல்லையில் செக்போஸ்ட்டில் லாரி காத்துக் கிடக்கும் செலவு வேறு. ஜி.எஸ்.டி. வந்தபின் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை டிராக்டருக்கு ஒரே வரி, 12 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். டயருக்கும் உதிரிப் பாகங்களுக்கும் இருந்த 18 சதவீதமும் 5 ஆகிவிட்டது. வரி ஒன்றாகி எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. விலை ஒன்றாகவில்லையே, ஏன்?

வரி குறைந்தபோது மத்திய விவசாய மந்திரி கணக்கும் சொன்னார். 35 குதிரைசக்தி வண்டிக்கு 41,000 ரூபாய் குறையும், 45க்கு 45,000, 50க்கு 53,000, 75க்கு 63,000 குறையும் என்றார். வரவேற்க வேண்டிய குறைப்புதான். ஆனால் குறைவது நாடு முழுவதற்கும் ஒரே எண். எதிலிருந்து குறைகிறது என்பதோ ஊருக்கு ஊர் வேறு. வரிக்கு முந்திய விலை 6,25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரியோடு சேர்த்து 7,00,000. புதிய வரியோடு 6,56,250. குறைய வேண்டியது 43,750. டீலர் அந்த 6,25,000 என்ற எண்ணைச் சத்தமில்லாமல் 6,40,000 ஆக்கிவிட்டால்? அப்போது விலை 6,72,000. வாங்குகிறவர் 28,000 குறைந்தது என்று சந்தோஷப்படுவார். பதினையாயிரத்துக்கு மேல் வேறு பைக்குள் போனது அவருக்குத் தெரியவே தெரியாது.

இதைத் தட்டிக் கேட்கச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. வரிக் குறைப்பின் பலனை வாங்குகிறவருக்குத் தராமல் விழுங்கும் வியாபாரியை விசாரிக்க 2017ல் தனி ஆணையமே வைத்தார்கள். 2022 டிசம்பரில் அந்த வேலையைப் போட்டி ஆணையத்தின் தலையில் கட்டினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகார் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம்கூட ஆகவில்லை, வரியைக் குறைத்தார்கள்! வாசலைப் பூட்டிவிட்டு விருந்துக்கு அழைத்த கதைதான். இப்போது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யச் சொல்கிறார்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்த விலையிலிருந்து ஏமாற்றினார்கள் என்று சொல்ல, முதலில் ஒரு விலை தெரிந்திருக்க வேண்டுமே.

அடுத்த காரணம் லாரி வாடகை. பஞ்சாபில் ஹோஷியார்பூரிலும் மொகாலியிலும், ஹரியானாவில் பரீதாபாத்திலும், நாகபுரியிலும், தெலங்கானாவில் ஜஹீராபாத்திலும், பெங்களூர் பக்கத்தில் தொட்டபல்லாபூரிலும் டிராக்டர் கட்டுகிறார்கள். பரீதாபாத்திலிருந்து நம் ஊருக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். வாடகை ஆகத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பரீதாபாத் வண்டி தஞ்சைக்கு வந்தாலும் சிவகங்கைக்கு வந்தாலும் தூரத்தில் எவ்வளவு வித்தியாசம்? நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர். ஒரு லாரியில் பல டிராக்டர் ஏற்றி வருகிறார்கள். அந்த நூறு கிலோமீட்டர் டீசலை வண்டிகளுக்குப் பங்கிட்டால் எத்தனை ரூபாய் வரும் என்று எந்த லாரி டிரைவரும் நொடியில் சொல்லிவிடுவார். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தை அந்த டீசலில் ஒளிக்க முடியாது.

பிறகு பதிவுச் செலவும் சாலை வரியும். இது ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறும். ஒரே ராஜ்யத்துக்குள் மாறாது. இன்ஷூரன்சில் மூன்றாம் நபர் கட்டணம் நாடு முழுவதற்கும் சர்க்கார் வைத்தது. டீலரிடம்தான் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஆனாலும் துண்டுச் சீட்டில் “இன்ஷூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன், ஹாண்ட்லிங், இதர” என்று ஒரே வரியில் ஒரு பெருந்தொகை எழுதுகிறார்கள். அந்த “இதர”வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள்.

இவையெல்லாம் போக மிஞ்சுவது டீலரின் லாபம். அது வாங்குகிறவரின் பலத்தைப் பார்த்து ஏறி இறங்குகிறது. ஐந்தாறு கம்பெனிக் கடைகள் வரிசையாக இருக்கும் டவுனில், மழை பொய்த்து வண்டி விற்காமல் நிற்கும் மாதத்தில், ரொக்கம் கையில் வைத்திருக்கும் பெரிய மிராசுதார் போனால் விலை இறங்கும். ஒரே கடை இருக்கும் மானாவாரித் தாலுகாவில், விதைப்புக்குப் பத்து நாள் முன்னால், கடனை நம்பிச் சின்ன விவசாயி போனால் “கம்பெனி ரேட் இதுதான்” என்ற பதில் வரும். யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவரிடம் அதிகமாக வாங்குகிறார்கள். ஜில்லா விலை என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்பது நம் கருத்து.

கடன் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுக்கு அதுவே வசதியான இடம். பாங்கி முழு விலைக்கும் கடன் தராது. ஒரு பகுதியை விவசாயி கையிலிருந்து போட வேண்டும். கையில் இல்லை. உடனே டீலர் உதவிக்கு வருகிறார். கொட்டேஷனில் விலையை உயர்த்தி எழுதிக் கொடுக்கிறார். பல இடங்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. விவசாயி அதை உபகாரம் என்று நினைக்கிறார். இல்லாத விலைக்கும் சேர்த்து அவர் வட்டி கட்டுகிறார். அந்தப் பொய் விலை நாலு பாங்கியில் பதிவானதும் அந்த வட்டாரத்தின் “மார்க்கெட் ரேட்” ஆகிவிடுகிறது.

பாங்கி தாமதித்தால் தனியார் பைனான்ஸ் கம்பெனி டீலரின் மேஜையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாயை ஐந்து வருடத்தில் மாதத் தவணையில் கட்டுவதாகக் கணக்குப் போடுவோம். 10 சத வட்டியில் மொத்தம் கட்டுவது சுமார் 6,37,000. 16 சத வட்டியில் சுமார் 7,29,000. வித்தியாசம் 92,000! விலையில் இருபதாயிரம் தள்ளுபடி, கூடவே ஒரு சேலை, ஒரு வெள்ளிக் காசு என்று கொடுத்துவிட்டு இந்த வழியில் எத்தனை மடங்கு திரும்புகிறது என்று பாருங்கள்.

“சரி, விலை குறைந்த ஜில்லாவுக்கே போய் வாங்கிக்கொள்ளட்டுமே” என்பது படித்தவர்கள் சொல்லும் யோசனை. வாங்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வண்டி நடு உழவில் நின்றால் உள்ளூர் டீலரின் மெக்கானிக்தானே வர வேண்டும்? “எங்கே வாங்கினீர்களோ அங்கே கேளுங்கள்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். உத்தரவாத அட்டை கம்பெனியுடையது, டீலருடையது அல்ல என்று வாதிடலாம். அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். கம்பெனிகள் எல்லை பிரித்து டீலர்களுக்குக் கொடுப்பதன் பலன் இது. 2002ம் வருடத்துப் போட்டிச் சட்டத்தின் 3வது பிரிவு, போட்டியைக் கெடுக்கும் விதத்தில் விற்பனைக்கு எல்லை வகுப்பதையும், டீலர் இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று கட்டுவதையும் விசாரிக்க இடம் தருகிறது. டீலர்கள் தள்ளுபடி கொடுக்காமல் தடுத்ததாக ஒரு பெரிய கார் கம்பெனிக்கு 2021 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி அப்பீலுக்குப் போனது, அது வேறு. கார் வாங்குகிறவருக்காக இவ்வளவு தூரம் விசாரித்த ஆணையம் டிராக்டர் கடைப் பக்கமும் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும்.

நாடு முழுவதும் ஒரே விலை என்பது நடக்காத காரியமா? யூரியாவைப் பாருங்கள். 45 கிலோ மூட்டை இங்கேயும் பீகாரிலும் ஒரே விலை. போக்குவரத்துச் செலவைச் சர்க்கார் ஏற்கிறது. இதில் எச்சரிக்கையும் வேண்டும். இரும்புக்கு நாடெங்கும் ஒரே விலை என்ற ரயில் கட்டணச் சமன் ஏற்பாடு 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை இருந்தது. சுரங்கம் இருக்கும் பீகாரும் ஒரிசாவும் மேற்கு வங்கமும் அதனால் தங்கள் தொழில்கள் வெளியே போயின என்று குறைப்பட்டன. அதில் நியாயம் உண்டு. டிராக்டருக்கே 1967ல் சர்க்கார் சட்டப்படி விலை வைத்தது. அப்போது உற்பத்தி குறைவு. விலை காகிதத்தில் நின்றது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே கறுப்புச் சந்தை நடந்தது. இன்று பற்றாக்குறை இல்லை, வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நிற்கின்றன. எனவே விலையைப் பூட்டச் சொல்லி நாம் கேட்கவில்லை. திறந்து காட்டச் சொல்கிறோம்.

கம்பெனி ஒவ்வொரு மாடலுக்கும் டீலருக்குக் கொடுக்கும் விலை, அந்த ஜில்லாவுக்கான லாரி வாடகை, வரி, பதிவுச் செலவு எல்லாவற்றையும் தனித்தனியாகத் தமிழில் எழுதிக் கடை வாசலில் பலகை வைக்க ராஜ்ய சர்க்கார் உத்தரவிடட்டும். வேளாண்மைப் பொறியியல் துறை தன் டிராக்டர்களை வாடகைக்கு விடும்போது கட்டணத்தை அறிவித்துத்தான் விடுகிறது. விற்கிறவனுக்கு மட்டும் அறிவிப்பு ஏன் கசக்கிறது? இயந்திர மானியத் திட்டத்தில் சிறு விவசாயிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்று விதி. ஆனால் எல்லாம் ஓர் உச்சவரம்புக்குள். வரம்பு எட்டியபின் டீலர் ஏற்றும் ஒவ்வொரு ரூபாயும் முழுக்க விவசாயி தலையில்தான் விழுகிறது. மானியம் தரும் துறை விலையையும் கேட்க வேண்டாமா?

அதைவிட முக்கியம், தனியாகப் போவதை நிறுத்துவது. ஒரு தாலுகாவில் ஒரு பருவத்தில் பத்துப் பேர் டிராக்டர் வாங்கப் போகிறார்கள் என்றால், பத்துப் பேரும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் கொடுத்து, சங்கத்தின் பெயரால் மூன்று கம்பெனிகளிடம் எழுத்தில் விலை கேட்கட்டும். பத்து வண்டி போய்விடும் என்று தெரிந்தால் டீலரின் நாற்காலி தானாக முன்னால் நகரும். சங்கமே இரண்டு வண்டி வாங்கி வாடகைக்கு விட்டால் குத்தகைக்காரருக்கும் நியாய வாடகை கிடைக்கும். மில் தொழிற்சங்கத் தோழர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய. தவணைக் கணக்கைப் போட்டுக் காட்டவும் கொட்டேஷனை வரி வரியாகப் படித்துச் சொல்லவும் ஊருக்கு ஒருவர் போதும்.

நாமும் ஒரு காரியம் செய்யலாம் என்றிருக்கிறோம். சென்ற ஓராண்டுக்குள் டிராக்டர் வாங்கியவர்கள் பில்லின் நகல் ஒன்றை நமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாங்குகிறவர் பெயரும் விலாசமும் எஞ்சின் நம்பரும் இருக்கும் இடத்தை மையால் அடித்துவிடுங்கள். மாடல், தேதி, ஊர், வரிக்கு முந்திய விலை, வரி, “இதர” என்று எழுதிய தொகை, கடன் எங்கே, வட்டி எவ்வளவு என்பவை தெரிந்தால் போதும். பில் தராமல் துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால் அதையும் அனுப்பலாம். வந்தவற்றை ஜில்லா வாரியாக, வாரந்தோறும் அரைப் பக்கம் ஒதுக்கி வெளியிடுவோம்.