வலியைக் கேட்பவர்

புற்றுநோய் மருத்துவம் என்றவுடன் அறுவை அரங்கும் கதிர்வீச்சுக் கருவியும் புகழ்பெற்ற மருத்துவரின் பெயருமே பலர் நினைவுக்கு வருகின்றன. செவிலியரின் பணியோ ‘உதவி’ என்னும் ஒரு சொல்லில் அடக்கப்படுகிறது. அச்சொல் போதாது. புற்றுநோயாளிக்குச் செவிலியர் செய்வதில் பெரும்பகுதி மருத்துவமே ஆகும்.

மும்பையின் பரேல் பகுதியில் 1941ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கக்கூடிய நேரம் சில நிமிடங்களே. கீமோதெரபி மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நீண்ட நேரமும் கண்காணிப்பவர் செவிலியர். அம்மருந்துகளுள் சில, இரத்தக்குழாயை விட்டுச் சற்றே கசிந்தாலும் சுற்றியுள்ள சதையைப் புண்ணாக்கிவிடும். ஊசி செருகிய இடத்தில் தோன்றும் சிறு வீக்கத்தைக் கண்டு உடனே மருந்தை நிறுத்துபவர் அவரே. இரத்த வெள்ளணுக்கள் குறையும் நாள்களில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லி அனுப்புபவரும் அவரே.

ஆயினும் செவிலியரின் அருமை மிகுதியாகப் புலப்படுவது வலியின்போதுதான். காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. வலியை அளக்க அத்தகைய கருவி இல்லை. நோயாளி சொல்வதே அளவு. இக்கருத்தை 1968இல் அழுத்தமாக எடுத்துரைத்த மார்கோ மெக்காஃபரி ஓர் அமெரிக்கச் செவிலியர். லண்டனில் 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து வலி தணிப்பு மருத்துவத்திற்குப் புதுவழி காட்டிய சிசிலி சாண்டர்ஸும், மருத்துவராவதற்கு முன் செவிலியராகப் பயின்றவர்.

சிற்றூரிலிருந்து மும்பையிலோ தில்லியிலோ உள்ள மகன் வீட்டிற்கு வந்து மருத்துவம் பெறும் தமிழ் மூதாட்டியை எண்ணிப் பார்க்கலாம். குத்துகிறது, குடைகிறது, எரிகிறது, சுருக்கென்று இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என அவர் வேறுபடுத்திச் சொல்வார். இவை வெறும் சொல்லழகு அல்ல. எரிச்சலும் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுருக்கும் நரம்பு பாதிக்கப்பட்டதைக் காட்டக்கூடும். அதற்குரிய மருந்தும் வேறு. அத்தனையும் ‘தர்த்’ என்னும் ஒரே இந்திச் சொல்லாகிவிட்டால் மருந்தும் தவறக்கூடும். தமிழறியாத செவிலியர், சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த அட்டையைக் காட்டியும், வலிக்கும் இடத்தைத் தொட்டுக்காட்டச் சொல்லியும், உறக்கம் வந்ததா என்று சைகையால் கேட்டும் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறார். தமிழ் தெரிந்த பேரப்பிள்ளை உடனிருந்தால் அவருக்குப் பெருந்துணைதான். எனினும், நோயின் கடுமையைப் பாட்டிக்குச் சொல்லும் சுமையை அப்பிள்ளையின் தோளில் ஏற்றுவது முறையன்று.

கடும்வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மாத்திரையைக் குறித்த நேரம் தவறாமல், பெரும்பாலும் 4 மணி நேரத்திற்கு ஒருமுறை, உட்கொள்ள வேண்டும். போதைப் பழக்கமாகிவிடுமோ என்றஞ்சி வீட்டார் அதை ஒளித்துவைப்பதும் உண்டு. மருத்துவர் குறித்த அளவில் தரும்போது அந்த அச்சம் மிகையானது என்பதைச் செவிலியர் பொறுமையோடு விளக்க வேண்டியிருக்கிறது.

கோழிக்கோட்டில் 1993இல் தோன்றிய வலி தணிப்பு இயக்கம் நோயாளியின் வீட்டையே மருத்துவக்கூடமாகக் கருதியது. கேரள அரசு 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. அங்கு ஊராட்சிகளின் சார்பில் செவிலியர் வீடுகளுக்குச் சென்று புண்ணுக்குக் கட்டுப்போடுகின்றனர்; அதை வீட்டாருக்கும் கற்பிக்கின்றனர். நாடெங்கும் இவ்வழக்கம் இந்த அளவுக்குப் பரவவில்லை.

மருந்தை எழுதித் தருபவர் மருத்துவர்தாமே என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால், நேற்றிரவு நோயாளி எத்தனை முறை விழித்தார் என்பதை மருத்துவர் அறிவது செவிலியர் வாயிலாகத்தான். ஒருவரே ஒரு கூடம் முழுவதையும் கவனிக்க நேர்ந்தால் ஊசியும் மாத்திரையும் எப்படியோ வேளைக்கு வந்துவிடும். அருகில் அமர்ந்து கேட்கும் நேரமே முதலில் பறிபோகும். எனவே, புதிய கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் செவிலியர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும், வலி தணிப்பில் அவர்களுக்குப் பயிற்சி தருவதற்கும் செலவிடுதல் வேண்டும். காலையில் நோயாளிகளைப் பார்வையிட வரும் மருத்துவர், இரவுப்பணி முடித்த செவிலியரின் சொல்லை முதலில் கேட்பதற்கோ பணமும் தேவையில்லை.